பால் கேன் இளைத்த மர்மம்

அத்தியாயம் 5

கமலாத்தாள் வீட்டுச் சுவரில் ஓடிய விரிசலுக்குள் ரிஜோ ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தான். விரல் மோதிரத்தோடு உள்ளே போய்விட்டது. வெளியே எடுக்கத்தான் கொஞ்சம் சிரமப்பட்டான்.

"அக்கா, இந்த விரிசலப் பத்தி அறிக்கையில என்ன போட்டிருக்கு?"

ஹஃப்ஸா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைபேசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். "குவாரி வெடியால இந்த முற்றத்துல வர்ற அதிர்வு, பூனை ஒண்ணு மதில்லேருந்து குதிச்சா வர்றத விடக் கம்மியாம்."

"அப்ப பூனையத்தான் பிடிச்சு உள்ள போடணும்."

ஹஃப்ஸா சிரிக்கவில்லை. ரிஜோவின் நகைச்சுவைக்குச் சிரித்தால் சம்பளம் உயர்த்திக் கேட்பான் என்று அவள் நினைத்தாளோ என்னவோ. பாலக்காட்டில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவள் அவள். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, துபாயில் நிஜமாகவே வேலை இருக்கிறதா என்று விசாரிப்பதுதான் நிலையத்தின் தினசரிப் பிழைப்பு. கம்பம்மெட்டு ஏலக்காய் மலையிலிருந்து இறங்கி வந்து அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்த ரிஜோவுக்கு முப்பத்துநாலு வயதாகிறது. அவனுக்கு மாப்பிள்ளை விசாரணை வருவதற்கு இன்னும் ஆளில்லை.

கொழிஞ்சாம்பாறையை அடுத்த சொக்கன்பதியில் கமலாத்தாளுக்கு ஒரு வீடும் ஒரு பசுவும் இருந்தன. பனைவரிசைக்கு அந்தப் பக்கம் ஷிஜு முதலாளியின் கல்குவாரி இருந்தது. குவாரியில் வெடி வைக்கும்போதெல்லாம் வீட்டில் ஓடு நொறுங்கியது, சுவர் பிளந்தது. கமலாத்தாள் புகார் கொடுத்தாள். வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ. அம்மா நியாயமானவர், ஒரு மாதம் முற்றத்தில் கருவி வைத்து அளக்கட்டும், அப்புறம் முடிவு சொல்கிறேன் என்றார். அளந்தாயிற்று. பூனைக் கணக்கு வந்ததும் கமலாத்தாள் ஹஃப்ஸாவைக் கூப்பிட்டுவிட்டாள். இன்று பிற்பகல் ஆர்.டி.ஓ. நேரில் வருகிறார். அறிக்கையை ஏற்றுக்கொண்டால் குவாரி கமலாத்தாளின் கொல்லைவேலி வரைக்கும் வந்து வெடி வைக்கலாம். அதற்குப் பிறகு வீடு ஒரு வாரம் தாங்கினால் அது கடவுள் செயல். கூரை தலையில் விழுந்துவிடும் என்று பயந்து, அவள் பல வாரமாக மாட்டுக் கொட்டகையில்தான் படுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் பொய்யாட்டம் புகார் குடுத்தேன்னு ஊரெல்லாம் பேசறாங்க அம்மிணி," என்றாள் கமலாத்தாள். "செவுத்த நானே கடப்பாறையில குத்துனேன்னு சொல்றாங்க. எங்கூட்ட நானே இடிப்பனுங்களா?"

அறுபதை நெருங்கிய அந்த அம்மாளின் கையைப் பிடித்து ஹஃப்ஸா கொட்டகைத் தூணருகில் உட்கார வைத்தாள். பிறகு கருவியைப் பார்க்கப் போனாள்.

முற்றத்தின் மூலையில், பாறை தலைகாட்டுகிற இடத்தில், செங்கல் அளவுக்கு ஒரு உலோகப் பெட்டி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் சாணி போட்டு வழவழவென்று மெழுகி, ஓரத்தில் கோலம் போட்டிருந்தாள் கமலாத்தாள். பெட்டியின் நெற்றியில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். தேங்காய் உடைக்காததுதான் பாக்கி.

"கவருமெண்டு சாமானுங்க," என்றாள் அவள். "கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கறேன். சுத்தபத்தமா வெக்க வேண்டாமுங்களா?"

ரிஜோ பெட்டியைத் தொழுதுவிட்டு, கைபேசியில் அறிக்கையின் கடைசிப் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தான். பெட்டி பதிவு செய்த கோடுகள் நாள்வாரியாக இருந்தன. வெடி வைத்த நேரங்களில் சின்னதாய் ஒரு புடைப்பு. அது தவிர, காலையும் மாலையும் தவறாமல் ஊசி போல ஒன்று நிமிர்ந்து நின்றது. அது என்ன என்று அறிக்கை சொல்லவில்லை. படித்தவர்கள் எழுதியதால் தெரியாததைப் பற்றி மூச்சுவிடாமல் இருந்திருந்தார்கள்.

அப்போது பால் சொசைட்டியின் குட்டி லாரி வேலியோரம் வந்து நின்றது. கமலாத்தாளின் முற்றம்தான் சொக்கன்பதிக்குப் பால் சேரும் இடம். வண்டிக்காரர் இறங்கவில்லை. இறங்குகிற வழக்கமே அவருக்கு இல்லை. லாரியின் மேலே நின்றபடி காலி கேனைத் தூக்கி முற்றத்தில் போட்டார். தொம்மென்று விழுந்த சத்தத்தில் ரிஜோ ஒரு சாண் எழும்பினான்.

"தினமும் இப்படித்தானா?"

"வேற எப்புடிப் போடுவாரு? கையில குடுக்க நானென்ன கலெக்டருங்களா?" என்றாள் கமலாத்தாள்.

ஹஃப்ஸா கைபேசியை அவனிடமிருந்து பிடுங்கினாள். "ரிஜோ, உன் ஊசி கெடைச்சிருச்சு. காலையும் மாலையும் கேன்." விரலால் கோடுகளை முன்னும் பின்னும் தள்ளினாள். அவளுடைய புருவம் மெல்ல மேலே போயிற்று. "முதல் ரெண்டு நாள் பாரு. கேன் எவ்வளவு உசரம்? நாலாம் நாள்லேருந்து பாரு."

ரிஜோ பார்த்தான். முதல் இரண்டு நாள் தென்னை மாதிரி நின்ற ஊசி, நாலாம் நாளிலிருந்து தென்னங்கன்று மாதிரி குறுகியிருந்தது. பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இடையில் மூன்றாம் நாளில் மட்டும் ஒரு பெரிய கிறுக்கல்.

"கேன் இளைச்சிருச்சு அக்கா. சர்க்கரை வியாதியா இருக்குமோ?"

"கேனும் இளைக்கல, வண்டிக்காரரும் இளைக்கல. மூணாம் நாள் யாரோ கருவிய மாத்திட்டாங்க. வண்டிய எடு."

*

அறிக்கை எழுதிய ஜோமோன், ஆர்.டி.ஓ. வரும்வரை பொழுதுபோகாமல் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் பரோட்டா தின்றுகொண்டிருந்தார். அதிர்வு அளப்பதில் நிபுணர். அந்த நிபுணத்துவம் அவர் பரோட்டாவைப் பிய்க்கிற விதத்தில்கூடத் தெரிந்தது.

"சிம்பிளா சொன்னா உங்களுக்குப் புரியாது," என்று அவர் ஆரம்பித்தார்.

"கஷ்டமாவே சொல்லுங்க," என்றான் ரிஜோ.

"கருவிக்கு மில்லிமீட்டர் தெரியாது. தரை ஆடும்போது உள்ள இருக்கிற கம்பிச்சுருள்ல கொஞ்சூண்டு மின்சாரம் உண்டாகும். அத இன்னொரு சில்லு நம்பரா மாத்திரும். வெறும் நம்பர். ஆயிரம், பத்தாயிரம்னு வரும். அந்த நம்பர, கம்பெனி இந்தக் கருவிக்குன்னு சோதிச்சுக் குடுத்த எண்ணால வகுத்தா, தரை எவ்வளவு வேகமா ஆடுச்சுன்னு கெடைக்கும்."

"இவ்வளவுதானா? நாலாங்கிளாஸ் வகுத்தல்," என்றாள் ஹஃப்ஸா.

ஜோமோனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை வருடம் படித்ததை நாலாம் வகுப்பில் சேர்த்தால் யாருக்குத்தான் வலிக்காது. "அப்படி இல்ல மேடம். மெதுவான ஆட்டத்தக் கருவி கொறச்சுச் சொல்லும், வேகமான ஆட்டத்தச் சரியாச் சொல்லும். அந்த வித்தியாசத்தையும் கணக்குல எடுக்கணும். அதுக்கெல்லாம் சாஃப்ட்வேர் இருக்கு."

"வகுக்கிற எண் வேற கருவியோடதா இருந்தா?"

ஜோமோன் பரோட்டாவைக் கீழே வைத்தார். ரிஜோவுக்கு விஷயம் சட்டென்று விளங்கியது. நெல்லைப் படியால் அளந்துவிட்டு, ஆழாக்கு என்று சொல்லிக்கொண்டால் மூட்டை நெல்லும் ஒரு கைப்பிடியாகிவிடும். மந்தமான கருவியை வைத்துவிட்டு, கூர்மையான கருவியின் எண்ணால் வகுத்தால் மலையே இடிந்தாலும் பூனை குதித்ததாகத்தான் வரும். அக்கா பிடித்துவிட்டாள் என்று அவன் மனதுக்குள் கைதட்டினான்.

கைதட்டு பாதியில் நின்றது. ஜோமோன் சிரித்தபடி தன் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். கருவி ஒவ்வொரு பதிவோடும் தன் சொந்த அடையாள எண்ணையும் அனுப்புகிறது. முதல் நாளும் அதே எண், நேற்றும் அதே எண். கம்பெனி சான்றிதழிலும் அதே. கருவியை யாரும் மாற்றவில்லை. வகுத்தலிலும் தப்பில்லை.

"துப்பறிஞ்சாச்சா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு டீ சொன்னார்.

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் முதல் மனைவியைக் கொண்டுவந்து நிறுத்திய நாளில்கூட அசராத முகம் ஹஃப்ஸாவுடையது. இப்போது வாடியிருந்தது. ரிஜோவுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் அவனே கேட்டான்: "மூணாம் நாள் இந்தக் கிறுக்கல் என்ன சார்?"

"மாடு முட்டியிருக்கும். கால்நடை இடையூறுன்னு எழுதியிருக்கேன்."

"போய்ப் பார்த்தீங்களா?"

"எதுக்கு? டேட்டா போன்லயே வருதே. முதல் நாள் வெச்சிட்டு வந்தவன்தான்."

"முதல் ரெண்டு நாளும் வெடிச் சத்தமே காணோமே?"

"வெடிமருந்து வந்து சேரலன்னு ஷிஜு சார் சொன்னார்."

ஹஃப்ஸா மெல்ல நிமிர்ந்தாள். "சார், கடைசியா ஒண்ணு. உங்க வகுத்தல் எப்பப் பொய் சொல்லும்?"

"எப்பவும் சொல்லாது," என்றார் ஜோமோன் டீயை ஊதியபடி. "கருவியோட ஆட்டத்த அது அச்சு அசலாச் சொல்லிரும். கருவி தரையோட ஒட்டி ஆடற வரைக்கும், தரையோட ஆட்டமும் அதுதான்."

சொல்லிவிட்டு அவர் டீயைக் குடித்தார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைக்கவில்லை. ஹஃப்ஸா அதற்குள் ஸ்கூட்டர் பக்கம் போய்விட்டிருந்தாள்.

*

"அந்தப் பெட்டிய யாராச்சும் தொட்டாங்களாம்மா?" என்று சொக்கன்பதிக்குத் திரும்பியதும் ஹஃப்ஸா கேட்டாள்.

"ஐயோ, ஒருத்தரும் தொடலீங்க அம்மிணி. கை பட்டாலே பதிவாயிருமுன்னு சொல்லியிருக்காங்கல்ல. ஆரையும் நான் கிட்டவே அண்ட உடலீங்க." கமலாத்தாள் பெருமையாக முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஒரே ஒருக்கா நாந்தான் தூக்குனேன்."

ரிஜோ கண்ணை மூடிக்கொண்டான்.

"எதுக்குத் தூக்குனீங்க?" என்றாள் ஹஃப்ஸா.

"அடியில மெத்தெ போடறதுக்குங்க. ஷிஜு மொதலாளியோட ஆளுதான் கொண்டாந்து குடுத்தாரு. வெடி அதிர்ச்சியில மிசினு ஒடஞ்சா கையெழுத்துப் போட்டவிய தலையிலதான் விடியும், இதெ அடியில போட்டுட்டா அதிராதுன்னாரு. நல்ல மனுசன். பொறவு சுத்தியும் சாணி போட்டு மொழுகிட்டேன். பாக்க லட்சணமா இருக்குதுல்லீங்க?"

ரிஜோ மண்டியிட்டு, பெட்டியோரத்துச் சாணியை நகத்தால் சுரண்டினான். கறுப்பாக, மெத்து மெத்தென்று ரப்பர் விளிம்பு தெரிந்தது. பாறை ஆடுகிறது, ரப்பர் அந்த ஆட்டத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் மேலே அனுப்புகிறது. பெட்டி மெத்தையில் சுகமாகப் படுத்துக்கொண்டு, ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. இதேபோல் எழுதுகிற அதிகாரிகள் சிலரை அவனுக்குத் தெரியும்.

ஆனால் சிரிக்கத் தோன்றவில்லை. கருவியில் கைவைத்தது குவாரிக்காரன் இல்லை, புகார் கொடுத்தவளேதான். இதை வெளியில் சொன்னால், கமலாத்தாளே கருவியைக் கெடுத்துவிட்டாள் என்று கேஸை மூடிவிடுவார்கள். சொல்லாவிட்டால் பூனைக் கணக்கு நிற்கும். எப்படிப் போனாலும் வீடு போய்விடும். அவளைக் கோபித்துக்கொள்ளவும் அவனுக்கு மனம் வரவில்லை. அடுத்தவர் பொருளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது ஒன்றுதான் அவள் செய்த தப்பு.

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?" என்றாள் கமலாத்தாள். அவள் குரல் இறங்கிவிட்டிருந்தது.

ஹஃப்ஸா இரண்டு விரலை ரப்பருக்கும் பாறைக்கும் நடுவில் நுழைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கையைக் கழுவினாள். அவள் முகத்தில் பழைய களை வந்திருந்தது.

"ஒண்ணும் பண்ணலம்மா. ஆனா ஆர்.டி.ஓ. வந்து போற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும்."

*

ஷிஜு முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். குவாரித் தூசிக்கு நடுவில் அந்த வெள்ளையைக் காப்பாற்றுவதே தனித்திறமைதான். ஆர்.டி.ஓ. அம்மாவுக்குக் குடை பிடித்தார், கமலாத்தாளுக்கு ஒரு கும்பிடு போட்டார், ஜோமோனைத் தோளில் தட்டினார்.

"மேடம், ஒரே ஒரு சின்ன வேண்டுகோள்," என்றாள் ஹஃப்ஸா. "பால் வண்டி வர்ற நேரம். சாரோட போன்ல கருவி என்ன காட்டுதுன்னு பார்த்துக்கிட்டே இருங்க."

லாரி வந்தது. ஆர்.டி.ஓ. நின்றால் என்ன, அமைச்சரே நின்றால் என்ன, வண்டிக்காரர் வழக்கத்தை மாற்றவில்லை. கேன் தொம்மென்று விழுந்தது. ஆர்.டி.ஓ.வின் கைப்பையே ஆடியது. போனில் கொசு உட்கார்ந்த அளவுக்கு ஒரு கோடு எழும்பி அடங்கியது.

"இது சரியில்லையே," என்றார் ஆர்.டி.ஓ.

"சரியில்லதான் மேடம். கருவிக்கு அடியில ஏதோ இருக்கு," என்றாள் ஹஃப்ஸா, சாணி சுரண்டிய ஓரத்தைக் காட்டி.

குனிந்து பார்த்த ஷிஜுவின் முகத்தில் இத்தனை நாள் காத்திருந்த சந்தோஷம் வந்தது. "அது ரப்பர் மேட் ஆக்கும் மேடம்! இந்த அம்மாவோட மாடு வெறுந்தரையில கெடக்குதேன்னு பாவம் பாத்து, மாட்டுக்குப் போடச் சொல்லி நான் குடுத்தது. அத எடுத்து மிஷினுக்கு அடியில செருகி வெச்சிருக்காங்க. கள்ளத்தனம்! கேஸ் குடுத்தவங்களே கருவியக் கெடுத்தா எப்படி மேடம்?"

கமலாத்தாள் வாயைத் திறந்தாள். ஹஃப்ஸா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

"நீங்க குடுத்ததுதானா? நல்லாத் தெரியுமா?" என்று ஹஃப்ஸா சந்தேகமாகக் கேட்டாள்.

"பின்ன? என் கையால ஆள்கிட்ட குடுத்தனுப்புனது."

"மேடம் கேட்டுக்கிட்டீங்க," என்றாள் ஹஃப்ஸா. "ரிஜோ, மேட்ட எடு."

ஜோமோன் பெட்டியைத் தூக்கினார். ரிஜோ ரப்பரை உருவி, தண்ணீர் ஊற்றிச் சாணியைக் கழுவி, ஆர்.டி.ஓ. முன்னால் துவைகல்லின்மேல் வைத்தான். ஒரு சாண் அகலம், ஒரு சாண் நீளம். மேல்புறத்தில் வட்டமாக மூன்று குழிகள்.

ஆர்.டி.ஓ. குனிந்து அதைப் பார்த்தார்.

"இதுல படுக்கிற மாட்ட எனக்கு ஒருக்காக் காட்டணும்," என்றாள் ஹஃப்ஸா.

"காலும் மூணுதான்," என்றான் ரிஜோ. "பாவம், முதலாளி அதனாலதான் இரக்கப்பட்டிருக்காரு."

"அவங்க வெட்டிச் சின்னதாக்கியிருப்பாங்க!" ஷிஜுவின் குரல் உயர்ந்தது. வெள்ளைச் சட்டையின் அக்குளில் வியர்வை படர்ந்தது.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். விளிம்பத் தடவிப் பாருங்க மேடம். நாலு பக்கமும் உருட்டி வார்த்திருக்கு. ஒரு இடத்துலகூடக் கத்தி படல. குழியும் சேர்த்தே வார்த்ததுதான். அச்சு செஞ்சு, ஆர்டர் குடுத்து வாங்கின சரக்கு. ஜோமோன் சார், உங்க பெட்டிய அது மேல வெச்சுக் காட்டுங்க."

ஜோமோன் வைத்தார். பெட்டியின் மூன்று கால்களும் மூன்று குழிகளில், அளவெடுத்துத் தைத்த செருப்பில் பாதம் இறங்குவதுபோல இறங்கின. நிபுணர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்றாம் நாள் மாட்டின் மேல் போட்ட பழி அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப வெறும் பாறையில வைங்க. அண்ணே, இன்னொரு கேனையும் போடுங்க," என்று ரிஜோ லாரியைப் பார்த்துக் கத்தினான்.

இரண்டாவது கேன் விழுந்தது. போனில் கோடு தென்னை உயரத்துக்கு எழும்பிற்று. ஜோமோன் கணக்குப் போட்டார். கேன் இளைத்த அளவுக்கு வெடிகளையும் திரும்பக் கொழுக்க வைத்தால் என்ன வரும் என்று ஆர்.டி.ஓ. கேட்டார். பழைய ஓட்டு வீடு தாங்கக்கூடியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்று ஜோமோன் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"மதி, போதும்," என்றார் ஆர்.டி.ஓ. "அந்த ரப்பரைச் சீல் வையுங்க. புதுசா அளக்கிற வரைக்கும் இந்த குவாரியில ஒரு வெடிகூடக் கூடாது. மிஸ்டர் ஷிஜு, நீங்க என்கூட ஸ்டேஷன் வரைக்கும் வரணும். அம்மா, சுவருக்கு இன்னிக்கே முட்டுக் குடுக்கச் சொல்றேன். அது முடிஞ்சதும் நீங்க தைரியமா வீட்டுக்குள்ள படுக்கலாம்."

பல வாரத்துக்குப் பிறகு இன்று அந்த அம்மாள் கூரைக்குக் கீழே கால்நீட்டிப் படுக்கப் போகிறாள் என்பது ரிஜோவுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கமலாத்தாள் ஹஃப்ஸாவின் கையை லேசாகத் தொட்டாள். "அம்மிணி, இப்பப் பேசலாமுங்களா?"

"பேசுங்கம்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்ட ஷிஜுவிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க மொதலாளி, இத்தன நாளும் நானும் மாட்டோட கொட்டாயிலயே கெடந்தேன். இனி நான் உள்ள போயிட்டா அது தனியா வெறுந்தரையிலதான் கெடக்கோணும். மாட்டுக்கு மெத்தெ குடுத்தேன்னு ஆர்.டி.ஓ. அம்மாகிட்டயே சொல்லிப்போட்டீங்க. அதெ எப்பங்க குடுத்தனுப்புவீங்க?"